தாத்தாவின் நெற்றியில் விழுந்த வெளிச்சம்

“ஏன் கண்ணு, சாயத்தக் கழுவாமயே வந்து நிக்கிறாரு?”

அப்பாயி ஐபேட்டை முகத்துக்கு அருகில் பிடித்து, தலையைச் சற்றுச் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி இது. மூன்று வாரமாக, வேலை முடிந்து வந்து இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து நான் வரைந்த தாத்தாவின் படம் அது. மூக்கு சரி, காது சரி, மீசையும் சரி என்று அப்பாவே ஒப்புக்கொண்டிருந்தார். அப்பாயி மட்டும் சாயம் என்கிறார்.

அவர் எதைச் சொல்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று. தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். கப்பலின் பக்கவாட்டில் பிடித்திருக்கும் துருவைச் சுத்தியலால் தட்டி எடுத்துவிட்டு, அதன்மேல் சாம்பல் நிறச் சாயம் அடிக்கும் வேலை. 1968 இறுதியில் ஆங்கிலேயர்கள் அந்தத் தளத்தை ஒப்படைத்து, அது கப்பல் பட்டறையாக மாறிய பிறகும் அதே இடம், அதே வேலை. மாலையில் வீட்டுக்கு வரும்போது கழுத்து, காது மடல், புருவம் எங்கும் சாம்பல் படிந்திருக்குமாம். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் குளித்தால்தான் அவருடைய சொந்த நிறம் வெளியே வரும். நான் வரைந்த தாத்தா குளிக்காத தாத்தா.

ஐபேட்டை வாங்கி மறுபடி பார்த்தேன். அப்பாயி சொன்னது உண்மைதான். கன்னத்தில், நெற்றியில், மூக்குத் தண்டில் எங்கு பார்த்தாலும் சாம்பல் பூத்திருந்தது.

தாத்தாவுக்கென்று எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே படங்கள். ஒன்று, கல்யாணமான புதிதில் ஸ்டூடியோவில் எடுத்தது. முகத்தில் பவுடரை அப்பி உட்கார வைத்திருக்கிறார்கள். போதாததற்கு நெகட்டிவிலும் பென்சிலால் தொட்டுத் தொட்டுச் சீர்செய்திருக்கிறார்கள்; அந்தக் கால ஸ்டூடியோக்களில் அது வழக்கம். படத்தில் இருப்பவர் வழவழவென்று, வெளுப்பாக, யாரோ ஒரு நாடக நடிகர் மாதிரி இருப்பார். இன்னொன்று, தபால்தலை அளவு அடையாள அட்டைப் படம். அதில் முகம் முழுக்க ஒரே மசி. இரண்டு கண்ணின் வெள்ளை மட்டும் தெரியும். ஒன்றில் வெளுத்துவிட்டார்கள், மற்றதில் அணைத்துவிட்டார்கள். 1986ல் அவர் காலமானபோது அப்பாவுக்கு 21 வயது. நான் தாத்தாவைப் பார்த்ததே இல்லை.

அப்பாயிக்கு இப்போது 84. இரண்டு ஆண்டுகளாக விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டு வருகிறது. நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு மங்கல் வட்டம். ஓரப் பார்வை மட்டும் தெளிவு. அதனால்தான் எதையும் கோழி பார்ப்பது போலத் தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். மருத்துவரிடம் போய்விட்டு வந்த ஒருநாள், ஈசூன் வீட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: “நீதான் என்னென்னமோ படம் போடுறியே. உங்க தாத்தாவ அவரு இருந்த மாதிரி ஒரு தடவ போட்டுக் காட்டு. கண்ணு இருக்கிறப்பவே பாத்துக்கிறேன்.”

விளம்பரங்களுக்கும் சிறுவர் புத்தகங்களுக்கும் கணினியில் படம் வரைவதுதான் என் தொழில். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்துவிட்டு வந்து பத்து ஆண்டுகள் ஆகின்றன. மனித முகம் ஆயிரமாவது வரைந்திருப்பேன். ஆனால் தாத்தாவின் முகத்தில் நான் செய்தது என்ன என்று லேயர் லேயராகப் பிரித்துப் பார்த்தபோது வெட்கமாகத்தான் இருந்தது.

கை பழகிய வழி இதுதான். தோலுக்கு ஒரு பழுப்பு நிறம். அதன்மேல் ‘மல்டிப்ளை’ லேயர் போட்டு, நீலச் சாம்பலில் நிழல். வெளிச்சம் படும் இடத்தில் அதே பழுப்போடு வெள்ளையைக் கலந்து இளக்குவது. வெளிர் தோலுக்கு இது கச்சிதமாக வேலை செய்யும். அடர்ந்த தோலுக்கு? கோப்பி-ஓவில் பால் மாவைத் தூவினால் மேலே திட்டுத்திட்டாக மிதக்குமே, அப்படி ஆகிவிடும். பழுப்பில் வெள்ளை கலந்தால் கிடைப்பது வெளிச்சம் இல்லை, வெறும் வெளிறல். வெளிச்சம் என்று நினைத்து நான் தாத்தாவின் முகத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தீபாவளிக்கு, பொங்கலுக்கு என்று நான் வரைந்து கொடுத்த குடும்பப் படங்களில், “கொஞ்சம் பிரகாசமாக இருக்கட்டும்” என்ற திருத்தம் கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் வரும். அறையைப் பிரகாசமாக்கச் சொல்லவில்லை, ஆட்களைச் சொல்கிறார்கள் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஒரு பொத்தானை இரண்டு விரற்கடை வலப்பக்கம் இழுத்தால் முடிந்தது. ஆறு ஆண்டுகளாக நானும் மறுபேச்சின்றி இழுத்துக்கொண்டுதான் இருந்தேன். அடர்ந்த தோலை எப்படி வரைவது என்று என் கை பழகவே இல்லாததற்கு அந்தப் பொத்தானும் ஒரு காரணம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவுக்குப் போவது எங்கள் குடும்ப வழக்கம். சந்தையில் மீன், பஃப்ளோ சாலையில் வாழையிலையும் பூவும், பிறகு எங்காவது தோசை. அந்த ஞாயிறு, மீன் வாங்கும் வேலையை அப்பாவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் ஒரு சின்ன நோட்டுடன் கடை கடையாக நின்றேன். ஒரு பொருளைத் தொடாமலே அது வழவழப்பா, சொரசொரப்பா, ஈரமா, காய்ந்ததா என்று கண் எப்படிச் சொல்கிறது? டிஜிட்டல் ஓவியத்தில் ‘டெக்ஸ்ச்சர்’ என்று நாங்கள் பேசுவதெல்லாம் அதுதான். பலர் அதற்கென்று விற்கும் பிரஷ்களை வாங்கி மேலே தேய்ப்பார்கள். ஜீன்ஸ் பிரஷ், மரப்பட்டை பிரஷ், தோல் பிரஷ். நானும் வாங்கியிருக்கிறேன். புள்ளி வருமே தவிர, பொருள் வராது.

பாத்திரக் கடை வாசலில் ஒரே குழல்விளக்கின் கீழ் மூன்று பொருள்கள் இருந்தன: பித்தளைக் குத்துவிளக்கு, எவர்சில்வர் சொம்பு, சிவப்பு பிளாஸ்டிக் வாளி. குத்துவிளக்கில் மின்னிய கோடு மஞ்சள். சொம்பில் மின்னியது வெள்ளை. வாளியிலும் வெள்ளைதான்! வாளி சிவப்பு, ஆனால் அதன் மேல் மின்னும் கோடு சிவப்பு இல்லை. உலோகம் மட்டுமே தன்மேல் படும் ஒளிக்குத் தன் நிறத்தைப் பூசித் திருப்பி அனுப்பும். மற்றவை மேற்பரப்பிலிருந்து திருப்பும் ஒளியை வந்த நிறத்திலேயே அனுப்பும். அவற்றின் சொந்த நிறம் உள்ளே போய்ச் சிதறி வெளிவரும் ஒளியில்தான் இருக்கிறது. மனிதத் தோல் இந்த விஷயத்தில் வாளியின் கட்சி.

இதைக் கணினிக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் நம் வட்டாரத்தைச் சேர்ந்த ஒருவர் என்பது பலருக்குத் தெரியாது. வியட்நாமில் பிறந்த புய் துவோங் போங், அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1973ல் முடித்த ஆய்வில், பொருளின் சொந்த நிறத்தையும் அதன்மேல் விழும் மின்னலையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டும் வழியைச் சொன்னார். 1975ல் அது கட்டுரையாக வந்தது. அதே ஆண்டு, முப்பதுகளின் தொடக்கத்திலேயே அவர் மறைந்துவிட்டார். பின்னாளில் கணினியில் பார்த்த எத்தனையோ உருண்டைகளும் கோப்பைகளும் அவருடைய சூத்திரத்தால் பளபளத்தவை. எல்லாமே பிளாஸ்டிக் மாதிரி தெரிகிறது என்ற குறையும் கூடவே வந்தது. அது அவருடைய பிழை அன்று. மின்னலின் ஓரம் எல்லாப் பொருளிலும் ஒரே மாதிரி வழவழப்பாகத் தேய்ந்தால் எல்லாம் வாளியாகத்தான் தெரியும். தோலில் அந்த ஓரம் நுண்துளைகளாலும் மயிராலும் சுருக்கத்தாலும் உடைந்து உடைந்து வரும். எண்ணெய்ப் பசையுள்ள மூக்கில் கூர்மையாக, காய்ந்த முழங்கையில் பரந்து மங்கலாக.

பூக்கடையில் வேறு பாடம். மல்லிகைச் சரத்தை அந்த அம்மா உயர்த்திப் பிடித்தபோது பின்னாலிருந்து வெயில் வந்தது. இதழ்களுக்குள் ஒளி புகுந்து, உள்ளேயே அலைந்து, வேறோர் இடத்தில் வெளியே வந்தது. அதனால் மல்லிகைக் குவியலின் பள்ளங்களில் நிழல் கறுப்பதே இல்லை. வெளிர் பச்சையாக, மஞ்சளாக நின்றுவிடுகிறது. பச்சைக் கற்பூரத்துக்கும் மெழுகுவர்த்திக்கும் இந்தக் குணம் உண்டு. கைபேசியின் டார்ச்சை விரலால் மூடிப் பாருங்கள், விரல் ஓரம் சிவப்பாக ஒளிரும். 2001ல் ஹென்ரிக் வான் ஜென்சனும் இன்னும் மூவரும் இதைக் கணினியில் விரைவாகக் கணக்கிட ஒரு வழி கண்டார்கள். பளிங்குச் சிலை, பால், மனித முகம் என்று செய்து காட்டினார்கள். அதற்கடுத்த ஆண்டு வந்த ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ இரண்டாம் படத்தில் கோல்லம் என்ற பாத்திரம் உயிருள்ள தோலோடு வந்ததற்கும் இந்த நுட்பம்தான் துணை. திரைப்பட உலகம் அவர்களில் மூவருக்குத் தொழில்நுட்ப ஆஸ்கார் கொடுத்தது. அதன் பிறகு கணினி ஓவியம் படிக்கும் எவருக்கும் முதல் வகுப்பில் சொல்லப்படுவது: தோல் என்றால் உள்ளே ஒளி புக வேண்டும், காது மடல் சிவக்க வேண்டும், கன்னம் உள்ளிருந்து ஒளிர வேண்டும். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

அந்த ஞாயிறு இரவு, பல ஆண்டுகளுக்கு முன் சேமித்து வைத்துவிட்டுப் படிக்காமல் விட்ட ஒரு கட்டுரையைத் தேடி எடுத்தேன். யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் தியோடர் கிம் 2020ல் ‘சயண்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதியது. திரைப்பட நிறுவனத்தில் வேலை பார்த்த அனுபவமும் உள்ளவர். அவர் கேட்பது எளிய கேள்வி. உள்ளே ஒளி புகுந்து ஒளிர்வதுதான் ‘மனிதத் தோலின்’ அடையாளம் என்று ஆய்வுக் கட்டுரைகள் எழுதுகின்றனவே, அது யாருடைய தோல்? கறுத்த தோலில் மெலனின் அந்த ஒளியின் பெரும்பகுதியைக் குடித்துவிடும். அங்கே கண்ணுக்கு முதலில் தெரிவது மேற்பரப்பில் நின்று மின்னும் ஒளி. அதைப் பற்றிய ஆய்வோ மிகக் குறைவு என்கிறார்.

படித்துவிட்டு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. நேராக விழும் ஒளியில் சுமார் 3 சதவீதத்தை மேற்பரப்பிலேயே திருப்பி அனுப்புகிறது மனிதத் தோல். கறுப்பானாலும் வெளுப்பானாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான்; வித்தியாசமெல்லாம் உள்ளே போகும் மீதி ஒளியில். வெளிர் தோலில் உள்ளிருந்து வரும் வெள்ளத்தில் அந்த 3 சதவீதம் கரைந்துவிடுகிறது. தாத்தாவின் தோலில் அதுதான் எழுந்து நிற்கும். ஸ்டூடியோக்காரர் பவுடர் போட்டு அழித்தது அதைத்தான். நான் வெள்ளை கலந்து அழித்ததும் அதைத்தான்.

படச்சுருள் காலத்துக் கதை ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. கோடாக் நிறுவனம் வண்ணப் படங்களைச் சரிபார்க்க அனுப்பிய மாதிரி அட்டைகளில் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே நெடுங்காலம் இருந்தது. அடர் பழுப்பு நிறங்கள் சரியாக விழவில்லை என்று அந்த நிறுவனத்தை அசைய வைத்ததில் சாக்லேட் தயாரிப்பாளர்களுக்கும் மரச்சாமான் நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு என்று ஆய்வாளர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார். மேசைக்குக் கிடைத்த கவனிப்பு ஆளுக்குக் கிடைக்கவில்லை!

கணினி ஆட்களை விட்டுவிட்டு நம் ஆட்களிடம் வந்தேன். ஓவியர் எஸ். இளையராஜாவின் படங்களைப் பார்க்காத தமிழ்க் குடும்பம் இருக்காது. பெயர் தெரியாமலாவது பார்த்திருப்பார்கள். கும்பகோணம் பக்கத்துக்காரர். ஜன்னலோரம் நிற்கும் பெண், வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் பெண், அடுப்படிப் புகையினூடே வரும் வெளிச்சம். 2021 ஜூனில், 43 வயதில், கொவிட் அவரைக் கொண்டுபோனபோது புகைப்படம் என்று நினைத்துத் தாங்கள் பகிர்ந்ததெல்லாம் ஓவியங்கள் என்று பலரும் அப்போதுதான் கண்டுகொண்டார்கள். நானும் அவரை ‘தத்ரூபமாக வரைபவர்’ என்ற அளவில் வைத்திருந்தேன். இப்போது ஒரு படத்தைப் பெரிதாக்கி, கன்ன எலும்பின் மேலுள்ள வெளிச்சத்தை மட்டும் பார்த்தேன். அங்கே பழுப்பும் வெள்ளையும் கலந்த நிறம் இல்லை. வெளியிலிருந்த வானத்தின் நிறம் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, இடையில் எந்த இளக்கலும் இல்லாமல், செம்மை ஏறிய அடர் பழுப்பு. தாடைக்குக் கீழே புடவையின் நிறம் மேலே தெறித்திருந்தது. அந்தப் பெண்ணை வெளுக்க வைக்காமலே முகம் முழுக்க வெளிச்சம் நிறைந்திருந்தது.

வண்ணமே இல்லாமல் இதைச் செய்தவரும் உண்டு. சில்பி. ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்று கோயில் சிற்பங்களை வரைந்தாரே, அவர். அப்பா சென்னையிலிருந்து சுமந்துகொண்டு வந்த தொகுப்பு அலமாரியில் இருந்தது. சிலையின் வழவழப்பான தோளுக்கும், பின்னாலுள்ள கொத்திய சுவருக்கும், உடைந்த மூக்கின் காரைக்கும் ஒரே மைதான். வெளிச்சம் எங்கே சட்டென்று நிற்கிறது, எங்கே மெல்ல நழுவுகிறது என்பதை வைத்தே கல்லில் மூன்று வகை காட்டிவிடுகிறார்.

எனக்கு ஒரு நெற்றி வேண்டியிருந்தது. சித்தப்பாவுக்குத் தாத்தாவின் நெற்றி என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். பேருந்து ஓட்டுநர். 55 வயது. தாத்தா காலமானபோது இருந்த வயதுக்குக் கொஞ்சம் மேல். தேக்காவில் சாப்பாடு வாங்கித் தருகிறேன் என்று அழைத்து, கேம்பல் லேன் பக்கம் ஒரு கடைவீட்டின் ஐந்தடிப் பாதையில் நிற்க வைத்தேன்.

நம் ஐந்தடிப் பாதைகளைப் போல முகம் பார்க்க நல்ல இடம் சிங்கப்பூரில் வேறு இல்லை. 1822ல் ராஃபிள்ஸ் நகரத் திட்டம் வகுத்தபோது, மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கிக் கடை வாசல் வழியாகவே நடந்து போகும்படி வைத்த ஏற்பாடு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலுள்ள ஊர் இது. நண்பகலில் வெயில் உச்சந்தலையில் இறங்கும். சாலை நடுவில் நின்றால் கண் இரண்டும் குழியாகிவிடும், மூக்குக்குக் கீழே மீசை போல நிழல். ஐந்தடிப் பாதைக்குள் ஓர் அடி வைத்துவிட்டால் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரும், வானம் முழுவதும் ஒரு ஜன்னலாகி. மறுபக்கம் கடைக்குள்ளிருந்து மஞ்சள் விளக்கு. கீழே சிவப்புத் தரை. எதிர்ச் சுவருக்கு எந்தச் சாயம் அடித்திருக்கிறார்களோ அதிலும் ஒரு பங்கு. கெர்பாவ் சாலையில் 1900ல் கட்டிய டான் டெங் நியா வீட்டின் முன்னால் நின்று பாருங்கள், வெள்ளைச் சட்டைக்கே வண்ணம் ஏறும்.

“எவ்வளவு நேரம்மா நிக்கணும்? பசிக்குது” என்றார் சித்தப்பா. வேர்த்திருந்தது. கைக்குட்டையை எடுத்தார்.

“துடைக்காதீங்க சித்தப்பா!”

பக்கத்தில் காய்கறிப் பையோடு போய்க்கொண்டிருந்த ஓர் அண்ணன் நின்று திரும்பிப் பார்த்தார். மீன் பையோடு நின்றிருந்த அப்பா, தனக்குச் சம்பந்தமில்லாதது போலக் கொஞ்சம் தள்ளிப் போனார்.

புகைப்படம் எடுக்கவில்லை. கைபேசி கேமரா தானாகவே முகத்தை வெளுப்பாக்கிச் ‘சீர்’ செய்துவிடுகிறது, அது தனித் தொல்லை. ஐபேட்டில் சிறு சிறு கட்டங்களாக நிறங்களை மட்டும் எடுத்தேன். நெற்றிப் பொட்டில் மின்னிய இடத்தைப் பார்த்து ஒரு நிறம் வைத்தேன். ஒப்பிட்டால் போதவில்லை. இன்னும் வெளிச்சம் ஏற்றினேன், இன்னும் நீலம் ஏற்றினேன். கடைசியில் வந்து நின்றது கிட்டத்தட்ட வானத்தின் வெள்ளை நீலம். இவ்வளவு வெளிச்சத்தை ஒரு கறுத்த நெற்றியில் வைக்க எனக்கு இதுவரை துணிச்சல் வந்ததில்லை. அதற்கு அரை விரல் தள்ளி, செங்காவி கலந்த அடர் பழுப்பு. காதுக்குக் கீழே கடை விளக்கின் மஞ்சள். மூக்குத் துவாரத்துக்குள் இருந்த மிக ஆழமான நிழல்கூடக் கறுப்பில்லை, பழுத்த நாவற்பழத்தின் உட்சிவப்பு. பன்னிரண்டு கட்டங்கள் சேர்ந்தன. ஒன்றிலும் சாம்பல் இல்லை.

நான் எதிர்பார்க்காதது விபூதி. காலையில் வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தார் சித்தப்பா. மூன்று கோடுகள். விபூதி துளியும் மின்னாது. எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் வந்தாலும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சிதறிவிடும் தூள். வேர்வை மின்னும் நெற்றியின் குறுக்கே அது போகும் இடத்தில் மின்னல் அறுந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் மறுபடி தொடங்கியது. அந்த அறுப்புதான் நெற்றி எவ்வளவு ஈரம் என்று சொன்னது. தாத்தாவும் விபூதி இட்டுக்கொள்ளாமல் வாசல் தாண்ட மாட்டார் என்று அப்பாயி பலமுறை சொல்லியிருக்கிறார். ஸ்டூடியோ படத்தில் அது இல்லை. பவுடரோடு சேர்த்துத் துடைத்திருப்பார்கள்.

அன்று சித்தப்பாவுக்கு மட்டன் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். இரண்டு.

புதிய படத்தைப் பழைய கோப்பைத் திறக்காமலே தொடங்கினேன். முதல் லேயரில் தோலின் சொந்த நிறம் மட்டும், அடர்ந்தே இருக்கும்படி, எங்கும் வெள்ளை கலக்காமல். நிழலுக்குச் சாம்பல் இல்லை. அதே பழுப்பை இன்னும் சிவப்பாக, இன்னும் ஆழமாக. மின்னலைத் தனி லேயரில் வைத்தேன், போங் பிரித்தாரே அப்படி. அதை ஒரே இழுப்பாக இழுக்காமல், நுண்துளைகளுக்கு இடம்விட்டு, நெற்றி வரிகளில் வளைத்து, புருவத்தின் மேல் உடைத்து. வேர்வைத் துளிக்கு ஒரு சிறிய வித்தை உண்டு: ஒளி வரும் பக்கம் ஒரு கூரிய புள்ளி, துளிக்குள் புகுந்த ஒளி எதிர்ப்பக்கம் போய்க் கூடுவதால் அங்கே ஒரு மெல்லிய வெளிச்சம், அதற்குக் கீழே மயிரிழை நிழல். மூன்றும் இருந்தால்தான் அது தண்ணீர். இல்லையென்றால் மரு. நாற்பதுக்கும் மேற்பட்ட துளிகள் போட்டேன், பிறகு பாதியை அழித்தேன். மழையில் நனைந்தவர் மாதிரி ஆகிவிட்டார்.

இதற்கிடையில் வேலையில் மறுபடி ஒரு தீபாவளிப் படம், மறுபடி அதே “கொஞ்சம் பிரகாசமாக”. இந்த முறை பொத்தானை இழுக்கவில்லை. அகல்விளக்குகளை முகங்களுக்கு அருகில் நகர்த்தி, கன்னங்களில் விளக்கின் பொன்னிறம் மின்னும்படி ஒன்று வரைந்தேன். அவர்கள் கேட்டபடி வெளுப்பாக்கிய ஒன்றையும் சேர்த்து அனுப்பினேன். வெளுத்ததையே எடுத்துக்கொண்டார்கள். பணமும் வந்துவிட்டது. பொன்னிறப் படம் என் கோப்பில் இருக்கிறது.

தாத்தா முடிய ஐந்து வாரமாயிற்று. ஒரு சனிக்கிழமை மாலை ஈசூனுக்கு எடுத்துப் போனேன். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஐபேட்டின் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி, அப்பாயி மடியில் வைத்தேன். அப்பாயி தலையைச் சாய்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படியில் குக்கர் மூன்று விசில் அடித்து முடித்தது.

பிறகு ஆள்காட்டி விரலை நீட்டி நெற்றியைத் தொட்டார். தொட்டதும் படம் நகர்ந்தது. இன்னொரு விரலும் பட, பெரிதாகி, நெற்றி மட்டும் திரை முழுக்க நின்றது. நான் சரிசெய்யக் கையை நீட்டினேன்.

“இருக்கட்டும் விடு. இப்பத்தான் தெரியுது.”

அப்படியே ஒவ்வொரு இடமாக நகர்த்தச் சொன்னார். காது. கழுத்து. மறுபடி நெற்றி. “வேர்த்துப் போய் வந்திருக்காரு” என்றார். சற்று நேரம் கழித்து, “வண்ணாத் துணி மாதிரி வெளுத்து வச்சிருந்தானுவ அந்தப் படத்துல. இவருதான்” என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. சந்தையில் மீனைத் திருப்பிப் பார்த்து இது புதுசு என்று சொல்வாரே, அந்தக் குரல்.

நான் மூச்சுவிட்டேன். அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்துக்குக் கீழே போனதும் விரல் நின்றது.

“சட்ட இது இல்ல. கழுத்துப் பொத்தான் போடவே மாட்டாரு. மூச்சு முட்டுதும்பாரு.”

சட்டையை மட்டும் ஸ்டூடியோ படத்தைப் பார்த்து வரைந்திருந்தேன். கஞ்சி போட்ட, மடிப்புக் கலையாத சட்டை. இப்போது அதை மாற்றிக்கொண்டிருக்கிறேன். பலமுறை துவைத்து நைந்த பருத்தி, மின்னவே கூடாது, தோளில் மட்டும் துணி மெலிந்து உள்ளே தோலின் நிறம் லேசாகத் தெரிய வேண்டும். கழுத்துப் பட்டியில் ஓரிடம் நூல் பிரிந்திருக்குமாம். இடப்பக்கம் என்கிறார் அப்பாயி. வலப்பக்கம்தான், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்கிறார் சித்தப்பா. இன்னும் முடிவாகவில்லை.